விழாத கொடி

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி இங்கே எழுதுவதில் சிறு தயக்கம் உண்டு. காலால் அரிதாகவே உதைக்கப்படும் பந்துக்குக் கால்பந்து என்று பெயரிட்டதில் தொடங்கி, அந்த ஆட்டத்தில் வெளியாருக்குப் புரியாதவை ஏராளம். ஆயினும் அதன் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி, விளையாட்டுக்கு அப்பாலும் யோசிக்கத் தக்கது என்று எனக்குப் படுகிறது. முப்பத்தைந்தையோ நாற்பதையோ கடந்த ஒருவர், தம் உடல் இன்னும் ஓராண்டு தாங்குமா என்று அறியாத நிலையில், ஒரே ஓர் ஆட்டத்தில் வந்து நிற்கிறார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை அணிந்த நடுவர் ஒருவர் அந்த ஆட்டத்தின் போக்கை நொடிப்பொழுதில் மாற்றிவிடுகிறார். அந்தத் தீர்ப்பு தவறு என்று பின்னர் உலகமே ஒப்புக்கொண்டாலும் ஆட்டத்தின் முடிவு மாறுவதில்லை. இளையவருக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது. மூத்தவருக்கு என்ன இருக்கிறது?

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். அணிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். இயலாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். மற்ற இடங்களில் ஆடுவோர் பெரும்பாலும் முப்பதை ஒட்டித் தேய்ந்துவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக்கின் மூலதனம் கால்வேகத்தைவிடக் கண்ணும் அனுபவமும் என்பதால், நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் நாற்பதை எட்டியும் களத்தில் நிற்க முடிகிறது. விதிமீறலைக் கண்ட நடுவர் மஞ்சள் துணி ஒன்றைத் தரையில் வீசுவார். அதைத்தான் கொடி என்கிறார்கள். இன்னொன்றும் முக்கியம். கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் இறுதிக் கட்டத்தில் ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றவர் என்று கணக்கு. தொழில்முறைக் கால்பந்தின் பிளேஆஃபில் ஒரே ஆட்டம்தான். தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது.

1

கதையை 1998ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதியிலிருந்து தொடங்கலாம். அது பிளேஆஃப் ஆட்டமன்று. ஆனால் பின்னால் வந்த பல பிளேஆஃப் சர்ச்சைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. நியூயார்க் ஜெட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் வின்னி டெஸ்டவர்டிக்கு அப்போது வயது 35. சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கு எதிராக 26-31 என்று பின்தங்கிய நிலையில், கடைசி இருபது நொடிகளில் எல்லைக்கோட்டுக்கு ஐந்து யார்டு தொலைவில் நான்காவது முயற்சி. டெஸ்டவர்டி தாமே பந்தோடு ஓடினார், கோட்டுக்கு முன்பாகவே வீழ்த்தப்பட்டார். கோட்டைத் தாண்டியது அவருடைய தலைக்கவசம் மட்டுமே, பந்து தாண்டவில்லை. வெள்ளைத் தலைக்கவசத்தைப் பந்தென்று மயங்கிய நடுவர் கைகளை உயர்த்தி டச்டவுன் என்றார். ஜெட்ஸ் 32-31 என்று வென்றது.

தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த உண்மையை, களத்தில் இருந்த நடுவர்களால் சரிபார்க்க வழியில்லை. 1986 முதல் 1991 வரை நடைமுறையில் இருந்த காணொளி மறுபரிசீலனை கைவிடப்பட்டிருந்தது. சீஹாக்ஸ் எட்டு வெற்றி எட்டுத் தோல்வியோடு பிளேஆஃபைத் தவறவிட்டது. அதன் பயிற்சியாளர் டென்னிஸ் எரிக்சன் வேலையை இழந்தார். 1999 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 28-3 என்ற வாக்குக் கணக்கில் மறுபரிசீலனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தவறான தீர்ப்பால் பயன்பெற்ற டெஸ்டவர்டியைக் காலம் விட்டுவைத்ததா என்றால், இல்லை. ஜெட்ஸ் அந்தப் பருவத்தில் இறுதிக்கு முந்தைய ஆட்டம் வரை சென்று, டென்வரில் 38 வயது ஜான் எல்வேயின் அணியிடம் தோற்றது. எல்வே சூப்பர் பௌலையும் வென்று, அதன் சிறந்த ஆட்டக்காரர் விருதோடு ஓய்வு பெற்றார். தாமே தேதி குறித்துக்கொண்டு விடைபெறும் பாக்கியம் இந்தத் தொழிலில் மிகச் சிலருக்கே வாய்த்திருக்கிறது. டெஸ்டவர்டியோ அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்து அந்த ஆண்டு முழுவதையும் இழந்தார்.

2

மறுபரிசீலனை திரும்பிய அதே 1999இல் விதிப்புத்தகத்தில் இன்னொரு குறிப்பும் ஏறியது. பந்தை எறியக் கையை முன்னே கொண்டுசென்ற குவார்ட்டர்பேக், எண்ணத்தை மாற்றிக்கொண்டு பந்தை உடலோடு சேர்த்தணைக்க முயலும்போது அது நழுவினால், அதைக் கைநழுவிய பந்தாகக் கொள்ளாமல், எறிந்து இலக்கை அடையாத பந்தாகவே கொள்ள வேண்டும் என்றது அது. இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. கைநழுவிய பந்தை எதிரணி எடுத்துக்கொள்ளலாம். எறிந்து தவறிய பந்தென்றால் ஒரு முயற்சி மட்டுமே வீண். 'டக் ரூல்' என்று பின்னாளில் பெயர்பெற்ற விதி இதுதான்.

2001 செப்டம்பர் 23 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், அப்போது 37 வயதான டெஸ்டவர்டியின் கையிலிருந்து பந்து நழுவியது. இந்த விதியைக் காட்டி அது தவறிய எறிதலே என்று தீர்ப்பானது. பேட்ரியாட்ஸ் ஏமாற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஆட்டத்தில்தான் பேட்ரியாட்ஸ் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ கடுமையாகக் காயமுற, டாம் பிரேடி என்ற 24 வயது இளைஞர் களமிறங்கினார்.

நான்கு மாதம் கழித்து, 2002 ஜனவரி 19 இரவு, பாஸ்டனுக்கு அருகே ஃபாக்ஸ்பரோ மைதானத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓக்லண்ட் ரைடர்ஸ் 13-10 என்று முன்னிலை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம். சார்ல்ஸ் உட்சன் பாய்ந்து மோத, பிரேடியின் கையிலிருந்து பந்து விழுந்தது. ரைடர்ஸ் அதன்மேல் விழுந்து கைப்பற்றியது. ஆட்டம் முடிந்ததென்றே எல்லோரும் நினைத்தார்கள். நடுவர் வால்ட் கோல்மன் காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, பிரேடியின் கை முன்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, ஆகவே அது தவறிய எறிதல் என்றார். பந்து பேட்ரியாட்ஸுக்கே திரும்பியது. 27 நொடிகள் இருக்கையில் ஆடம் வினாடியேரி பனிக்குள் 45 யார்டு தூரத்திலிருந்து உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 23 யார்டிலிருந்து உதைத்து 16-13 என்று வென்றுகொடுத்தார். அடுத்த மாதம் பிரேடி தம் முதல் சூப்பர் பௌலை வென்றார்.

இந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பிரேடியின் பக்கம் நின்றே எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ரிச் கேனன், வயது 36. 1987இல் அவரைத் தேர்ந்தெடுத்த அணி இதே பேட்ரியாட்ஸ்தான். வேறு இடத்தில் ஆடவைக்கலாம் என்று நினைத்த அணி, அவரை உடனே மின்னசோட்டாவுக்கு மாற்றிவிட்டது. தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 1994ஆம் ஆண்டு முழுவதையும் இழந்தவர் அவர். 1999இல் ரைடர்ஸுக்கு வந்தபோது 33 வயது. மற்றவர்கள் முடித்துக்கொள்ளும் வயதில் தொடங்கியவர் என்றே சொல்ல வேண்டும். அன்று கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸ் முதலில் பந்தைப் பெற்று, முதல் வாய்ப்பிலேயே முடித்துவிட்டதால், கேனன் பந்தைத் தொடவே இல்லை. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பருவத்தில் 4,689 யார்டு எறிந்து, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வாங்கி, 37 வயதில் தம் அணியை சூப்பர் பௌலுக்குக் கொண்டுசென்றார் கேனன். அங்கே எதிரணியான டாம்பா பே பக்கனீர்ஸின் பயிற்சியாளர் ஜான் குரூடன், பனியிரவில் ரைடர்ஸின் பயிற்சியாளராக இருந்தவர். கேனனின் ஒவ்வோர் அசைவும் அவருக்கு மனப்பாடம். ஐந்து எறிதல்கள் இடைமறிக்கப்பட்டன. அவற்றில் மூன்று நேரே டச்டவுன்களாயின. 48-21 என்று தோல்வி. அதற்கடுத்த ஆண்டு தோள், அதற்கும் அடுத்த ஆண்டு கழுத்து. 2005இல் ஓய்வு.

டக் ரூல் 2013 மார்ச்சில் 29-1 என்ற வாக்கில் நீக்கப்பட்டது. பேட்ரியாட்ஸ் வாக்களிக்கவில்லை. அப்போது கேனனுக்கு 47 வயது. பிரேடிக்கு 35, இன்னும் பத்தாண்டு ஆட்டம் மிச்சமிருந்தது. 2022இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் உட்சனோடு அமர்ந்து பேசிய பிரேடி, அது கைநழுவிய பந்தாக இருந்திருக்கலாம் என்று பாதி வேடிக்கையாக ஒப்புக்கொண்டார். இருபதாண்டு கழித்து வேடிக்கையாகச் சொல்ல முடிவதும் வென்றவரின் உரிமைதான் போலும்.

கோல்மனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் விதியை எழுதியபடி பின்பற்றினார். அர்கான்சாவில் பால்பண்ணைத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஞாயிறுகளில் நடுவர். 2018 பருவத்தோடு ஓய்வு பெறும்வரை ரைடர்ஸ் ஆடிய எந்த ஆட்டத்துக்கும் அவர் அனுப்பப்படவில்லை. சரியாகச் செய்த வேலைக்காகவும் ஒரு மனிதர் பதினேழு பருவங்கள் ஓர் அணியின் கண்ணில் படாமல் வைக்கப்பட்டார்.

3

இனி நியூ ஆர்லியன்ஸ். 2010 ஜனவரி 24, சூப்பர்டோம் அரங்கம். மின்னசோட்டா வைக்கிங்ஸின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வுக்கு வயது 40. இரண்டு முறை ஓய்வு அறிவித்து இரண்டு முறையும் திரும்பி வந்தவர். அந்தப் பருவத்தில் 33 டச்டவுன் எறிதல்கள், இடைமறிக்கப்பட்டவை ஏழு மட்டுமே. அவருடைய நீண்ட வாழ்வில் இவ்வளவு பிழையற்ற ஆண்டு வாய்த்ததில்லை.

செய்ன்ட்ஸ் அணியினர் அன்று அவரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது கால்பகுதியில் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் ஒரே நேரத்தில் மோத, ஃபார்வின் கணுக்கால் மடங்கியது. அவர் எறிந்த பந்து இடைமறிக்கப்பட்டது. கொடி விழவில்லை. விழுந்திருக்க வேண்டும் என்று நடுவர்துறைப் பொறுப்பிலிருந்த மைக் பெரேரா பின்னர் சொன்னார். விழுந்திருந்தால் அந்த இடைமறிப்பே செல்லாமல் போயிருக்கும்.

ஆயினும் ஆட்டம் 28-28 என்று சமநிலையில் இருக்க, கடைசி நொடிகளில் ஃபார்வின் கையில் பந்து இருந்தது. ஓர் உதைக்கு எட்டும் தூரம் ஏறக்குறைய வந்தாயிற்று. அப்போது தம் தரப்பில் பதினொரு பேருக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேர் கூடிநின்றதால் ஐந்து யார்டு தண்டனை. அடுத்த முயற்சியில் நொண்டிய காலோடு வலப்பக்கம் நகர்ந்த ஃபார்வ், உடலுக்குக் குறுக்கே களத்தின் நடுவில் எறிந்தார். டிரேசி போர்ட்டர் இடைமறித்தார். கூடுதல் நேரத்தில் செய்ன்ட்ஸ் நாணயச் சுண்டலை வென்று, சர்ச்சைக்குரிய சில தீர்ப்புகளின் துணையோடும் முன்னேறி, 40 யார்டு உதையில் 31-28 என்று வென்றது. கேனனைப் போலவே ஃபார்வும் கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவில்லை.

இரண்டு மாதத்தில் உரிமையாளர்கள் கூடி, பிளேஆஃபின் கூடுதல் நேரத்தில் முதல் வாய்ப்பில் ஃபீல்டு கோல் மட்டும் அடித்தால் எதிரணிக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். 28 பேர் ஆதரவு, நால்வர் எதிர்ப்பு. எதிர்த்த நால்வரில் மின்னசோட்டாவும் ஒன்று என்பது வரலாற்றின் விநோதங்களில் சேரும். எதிரணியினரைக் காயப்படுத்துவோர்க்குச் செய்ன்ட்ஸ் முகாமில் பணம் தரப்பட்டதாக 2012இல் லீக் அறிவித்து, பயிற்சியாளர் ஷான் பேட்டனை ஓராண்டு விலக்கிவைத்தது. அப்போது ஃபார்வ் ஓய்வு பெற்று ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

4

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2019 ஜனவரி 20, அதே சூப்பர்டோம். 2010இல் வென்ற செய்ன்ட்ஸின் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் அன்று 31 வயதுக்காரர். இப்போது ஐந்து நாள் முன்பு நாற்பதைத் தொட்டிருந்தார். அந்தப் பருவத்தில் நூற்றுக்கு 74.4 என்ற விகிதத்தில் எறிதல்களை இலக்கில் சேர்த்து லீகின் சாதனையை எழுதியவர்.

லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 20-20. ஒரு நிமிடம் 49 நொடி மிச்சம். ராம்ஸின் 13 யார்டு கோட்டிலிருந்து மூன்றாவது முயற்சி. பிரீஸ் வலப்பக்க ஓரத்தில் டாமிலீ லூயிஸை நோக்கி எறிந்தார். பந்து வந்துசேரும் முன்பே நிக்கெல் ராபி-கோல்மன் லூயிஸின்மேல் மோதி அவரைச் சாய்த்துவிட்டார். அருகிலேயே நடுவர்கள் நின்றார்கள். கொடி விழவில்லை. விழுந்திருந்தால் செய்ன்ட்ஸ் கடிகாரத்தை ஏறக்குறைய முழுதும் கரைத்துவிட்டு ஓர் எளிய உதையில் ஆட்டத்தை முடித்திருக்கலாம். மாறாக உடனே உதைத்து 23-20 என்று முன்னேற, ராம்ஸுக்குச் சமன் செய்ய நேரம் கிடைத்தது. கூடுதல் நேரத்தில் கிரெக் சூர்லைன் 57 யார்டிலிருந்து உதைத்து 26-23 என்று ராம்ஸை வெல்லவைத்தார்.

இருபதாண்டுக்கு முன் டெஸ்டவர்டியின் தலைக்கவசத்தால் உயிர்பெற்ற காணொளி மறுபரிசீலனை ஏன் இங்கே உதவவில்லை? எறிதலைத் தடுக்கும் விதிமீறல் நடுவரின் மதிப்பீட்டுக்கு உட்பட்டது, அதை மறுபரிசீலிக்க விதியில் இடமில்லை. தவறு நடந்ததென லீகே ஒப்புக்கொண்டது. ராபி-கோல்மனுக்குத் தலைக்கவசத்தால் மோதியதற்காக 26,739 டாலர் அபராதமும் விதித்தது. ரசிகர்கள் நீதிமன்றம் சென்றார்கள். லூசியானாவின் உச்சநீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மார்ச்சில் வழக்கம்போல விதி மாறியது. 31-1 என்ற வாக்கில், அத்தகைய விதிமீறல்களையும் மறுபரிசீலிக்கலாம் என்றார்கள்.

அந்தப் புதிய விதியின் ஒரே பருவம் முடியும் தறுவாயில், 2020 ஜனவரி 5 அன்று, மீண்டும் சூப்பர்டோமில், மீண்டும் கூடுதல் நேரத்தில், வைக்கிங்ஸின் கைல் ருடால்ஃப் தம்மைக் காத்துநின்றவரைக் கையால் தள்ளிப் பந்தைப் பிடித்து 26-20 என்று செய்ன்ட்ஸை வெளியேற்றினார். செய்ன்ட்ஸுக்காகவே எழுதப்பட்டது என்று சொல்லத்தக்க விதி நடைமுறையில் இருந்தது. நியூயார்க்கில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, தண்டிக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த பருவத்துக்கு அந்த விதியே கைவிடப்பட்டது. 2010இல் இதே அரங்கில் அழுத வைக்கிங்ஸ் ரசிகர்கள் அன்று சிரித்திருக்கக் கூடும். பிரீஸுக்கு அடுத்த பத்து நாளில் 41 வயது.

5

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று வகைப் பிழைகள் தென்படுகின்றன. 2002இல் விதி பிழையானது, நடுவர் அதைச் சரியாகவே நடத்தினார். 2010இலும் 2019இலும் விதி சரியானது, நடுவரின் கண் தவறியது. 2020இல் தவறைத் திருத்தவென்றே வந்த விதி இருந்தும், அதைக் கையாண்டவர்களுக்குத் துணிவு போதவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் வாக்கெடுப்பு நடக்கிறது. பலன் அடுத்து வருபவருக்குப் போகிறது, இழந்தவருக்குப் போவதில்லை.

நியாயமாக எழுதுவதென்றால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பனியிரவில், நடுவரின் தீர்ப்புக்குச் சற்று முன்னால், ரைடர்ஸுக்கு ஒரே ஒரு யார்டு தேவைப்பட்டது. அதை எடுத்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். எடுக்கவில்லை. ஃபார்வின் அணி அன்று ஐந்து முறை பந்தை இழந்தது, கடைசி எறிதலை எறியச் சொல்லி எந்த நடுவரும் கேட்கவில்லை. 2019இன் கூடுதல் நேரத்தில் நாணயச் சுண்டலை வென்று முதலில் பந்தைப் பெற்றது செய்ன்ட்ஸ்தான். இடைமறிக்கப்பட்டது பிரீஸின் எறிதல்.

ஆனால் இந்த வாதம் நடுவரை முழுதும் விடுவிப்பதில்லை. மனிதர் பிழை செய்வார், பிழைக்குப் பிறகும் மீண்டெழ வாய்ப்பிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எந்த ஆட்டமும் நடக்கிறது. பனியிரவில் தீர்ப்பு மறுபக்கம் போயிருந்தால், 24 வயதுப் பிரேடி தலைகுனிந்து வெளியேறி, அடுத்த ஆண்டு திரும்பியிருப்பார். அவருடைய வரலாறு ஓராண்டு தாமதமாகியிருக்கும், அவ்வளவே. கேனனுக்கு ஒரே ஒரு வாய்ப்பு மிஞ்சியிருந்தது. ஃபார்வுக்கும் பிரீஸுக்கும் அதுவும் இல்லை. ஒரே தீர்ப்புதான், ஆனால் அது விழும் வயதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது. விதிப்புத்தகத்தில் இந்தக் கணக்குக்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. அதனால்தான் இந்தத் தோல்விகள் மற்றத் தோல்விகளைவிட நம்மை அதிகம் உறுத்துகின்றன.

2021 ஜனவரி 17. கொள்ளைநோய்க் காலம், சூப்பர்டோமில் சில ஆயிரம் பேரே. டாம்பா பே அணிக்கு மாறியிருந்த பிரேடிக்கு 43 வயது, பிரீஸுக்கு 42. நாற்பதைத் தாண்டிய இருவர் பிளேஆஃபில் எதிரெதிர் நின்றது அதுவே முதல்முறை. அந்தப் பருவத்தில் பதினொரு விலா எலும்பு முறிவுகளும் நுரையீரல் சுருக்கமும் கண்டு மீண்டிருந்த பிரீஸின் கையிலிருந்து மூன்று பந்துகள் இடைமறிக்கப்பட்டன. 30-20 என்று டாம்பா பே வென்றது. அந்தத் தோல்விக்கு நடுவரைக் குறைசொல்ல யாரும் முன்வரவில்லை. முதன்முறையாகக் காலமே நேரடியாகத் தீர்ப்பளித்தது போலிருந்தது.

ஆட்டம் முடிந்து அரங்கம் வெறிச்சோடிய பிறகு, பிரேடி களத்துக்குத் திரும்பி வந்தார். பிரீஸ் தம் மனைவி மக்களோடு அங்கே நின்றிருந்தார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். பிறகு பிரேடி ஒரு பந்தை எடுத்து, பிரீஸின் மகன்களில் ஒருவனை ஓடச் சொல்லி எறிந்தார். சிறுவன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதைப் பிடித்தான். நடுவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் பிரீஸ் ஓய்வை அறிவித்தார்.